வீராவின் பின்பாதி

கிள்ளானில் மேரு பக்கத்துத் தொழிற்பேட்டையில் கடைசி வரிசைப் பட்டறை அது. ஒரு பக்கம் டயர் கடை. மறுபக்கம் லாரிக்குக் கித்தான் தைப்பவர்கள். தகரக் கூரையின் கீழே, நான்கு இரும்புத் தாங்கிகளின் மேல், ஒரு புரோட்டோன் வீரா நிற்கிறது. முன்னால் எஞ்சின் இல்லை. பின்னால் இருக்கை இல்லை, பெட்ரோல் தொட்டி இல்லை, சக்கரத்தைத் தாங்கும் கைகளும் இல்லை. கதவு வாசல்களில் குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் குழாய்களை வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். பின்தரையை அறுத்தெடுக்கும்போது உடம்பு கோணிவிடக் கூடாது என்பதற்கு அந்தக் குழாய்கள்.

பக்கத்தில் மரக்கட்டைகளின் மேல் இன்னொரு காரின் பின்பாதி கிடக்கிறது. மிட்சுபிஷி லான்சர் எவோலூஷன் 3. அதன் முன்பாதி சுவரோரம் தனியாக இருக்கிறது, எஞ்சினோடும் கியர்பாக்ஸோடும், ஒயர்கள் தொங்க. ஜப்பானிலிருந்து கப்பலில் இப்படித்தான் வருகின்றன. முழுக் காராகக் கொண்டுவர அனுமதிப் பத்திரம் வேண்டும், வரியும் கட்டி மாளாது. வெட்டிக் கொண்டுவந்தால் உதிரிப்பாகம். மலேசியாவில் இவற்றை ‘ஹாஃப்கட்’ என்று எல்லா இனத்தவரும் ஒரே சொல்லால் சொல்கிறார்கள்.

போர்மனுக்கு அறுபதைத் தொட்ட வயது. வெள்ளைப் பனியன், முழங்காலுக்குக் கீழே மடித்துவிட்ட கால்சட்டை. அவரிடம் யாரும் அதிகம் பேசுவதில்லை. அவரும் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. ஒரு ஓரமாக உட்கார்ந்து எதையும் கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்த என்னை அவர் தொந்தரவாக நினைக்கவில்லை. வேலை செய்யும் பையன் ஒருவன், இருபது வயதிருக்கும். கார்க்காரன் துறைமுகத்தில் வேலை பார்க்கும் இளைஞன். மாலையில் சீருடையோடு வந்து, தன் காருக்கு என்ன நடக்கிறது என்று குனிந்து குனிந்து பார்த்துவிட்டுப் போவான்.

அவன் கேட்டிருப்பது சுருக்கமான ஒன்று. முன்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் இந்த வீராவை, நான்கு சக்கரங்களும் இழுக்கும் காராக மாற்றித் தர வேண்டும்.

சொல்லில் சுருக்கம். இரும்பில் அப்படியில்லை. வீராவின் 1.5 லிட்டர் எஞ்சின் 90 குதிரைத்திறனை ஒட்டியது. எவோ 3-இன் 2 லிட்டர் டர்போ எஞ்சினோ 270. இந்த நாட்டில் எஞ்சினை மட்டும் மாற்றி, இழுக்கும் வேலையை முன்சக்கரங்களிடமே விட்டவர்கள் நிறையப் பேர். காலை அழுத்தியதும் காரின் எடை பின்னோக்கிச் சாய்கிறது; முன்சக்கரத்தின் மேல் பாரம் குறைகிறது. பாரம் குறைந்த அந்த நேரத்தில்தான் எஞ்சின் தன் முழு வலிமையையும் அதே சக்கரத்தில் கொட்டுகிறது. டயர் வழுக்கிச் சுழலும். ஸ்டியரிங் கைக்குள் நில்லாமல் ஒரு பக்கம் இழுக்கும். ஒரு டயருக்கு இருக்கும் பிடிப்பு ஓர் அளவுதான். இழுக்கவும் திரும்பவும் அந்த ஒன்றிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். மழைக்காலச் சாயங்காலத்தில் கிள்ளான் சாலைகளில் வண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பின்சக்கரங்களும் பாதிச் சுமையை ஏற்றால் முன்சக்கரங்களுக்குத் திரும்புவதற்கான பிடிப்பு மிஞ்சும். அவ்வளவுதான் கணக்கு.

இதே கணக்கைப் போட்டுத்தான் மிட்சுபிஷி 1992-இல் முதல் எவோவைச் செய்தது. அதன் ராலி பந்தயக் கார் அதுவரை கலான்ட் விஆர்-4. பெரிய உடம்பு, அதிக எடை. கலான்ட்டின் டர்போ எஞ்சினையும் நாற்சக்கர இயக்கத்தையும் எடுத்து, சிறிய லான்சருக்குள் வைத்தார்கள். பந்தய விதிக்காக 2,500 கார்களைப் பொதுமக்களுக்கும் செய்தார்கள். ஆக, ஒரு குடும்பக் காருக்குள் நாற்சக்கர இயக்கத்தைக் குடியேற்றும் வேலையைத் தொழிற்சாலையே முதலில் செய்து காட்டிவிட்டது. 1993-இல் வந்த வீரா அந்த லான்சரின் உடம்பை அடிப்படையாகக் கொண்டு செய்யப்பட்டது. 1996-இல் எவோ 4 வேறு உடம்போடு வந்தது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் 180 பாகை திருப்பி வைத்துவிட்டார்கள். வீராவுக்கு உறவு எவோ 1 முதல் 3 வரைதான்.

பட்டறைச் சுவரில் பழுப்பேறிய ஒரு செய்தித்தாள் துண்டு ஒட்டியிருக்கிறது. 2002-இல் உற்பத்திக் கார்களுக்கான உலக ராலி பட்டத்தை வென்ற கரம்ஜித் சிங், உடன் வழி சொன்ன ஆலன் ஓ. அவர்கள் ஓட்டிய புரோட்டோன் பெர்ட், வீராவின் தோற்றமும் எவோவின் உள்ளுறுப்புகளும் கொண்ட கார். பையன்கள் இந்த மாற்றத்தைக் கேட்டு வருவதற்கு அந்தப் படத்துக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். நம் ஊர்ப் பெயர் பொறித்த கார் ஒன்று உலகத்தை வென்றது என்பது சின்ன விஷயமில்லை.

அறுப்பு தொடங்கிய நாளில் பட்டறையில் வேறு வேலை எதுவும் நடக்கவில்லை. தொட்டியை முந்தைய நாளே கழற்றி வெளியே வெயிலில் வைத்துவிட்டார்கள். ஒரு தண்ணீர் வாளி, நனைத்த சாக்கு, தீயணைப்புக் குடுவை மூன்றும் கைக்கு எட்டும் தூரத்தில். தரையில் ஒட்டியிருந்த தார் விரிப்பைப் பையன் சுரண்டிச் சுரண்டி எடுத்தான். பற்றவைக்கும்போது அதுதான் முதலில் புகையும். பிறகு தொழிற்சாலையில் வைத்த புள்ளிப் பற்றுகளை ஒவ்வொன்றாகத் தேடித் துளைத்தார்கள். தரைத்தகட்டையும் அதன் கீழே ஓடும் சட்டத்தையும் பிடித்திருப்பவை அந்தப் புள்ளிகள்தாம். மேல்தகடு மட்டும் துளைபட வேண்டும், கீழ்த்தகடு தப்ப வேண்டும்.

கிரைண்டரை எடுத்து நேராக அறுத்துவிட்டால் பாதி நேரத்தில் முடிந்துவிடும். பையன் ஒருமுறை கிரைண்டரைப் பார்த்தான். போர்மன் அவனைப் பார்த்தார். அவன் மறுபடி துளைக்கத் தொடங்கினான்.

அளவெடுப்பில்தான் அவருடைய பொறுமை முழுதாகத் தெரிகிறது. முன் இடது மூலையிலிருந்து பின் வலது மூலைக்கு ஒரு டேப். முன் வலதிலிருந்து பின் இடதுக்கு மறுபடி. இரண்டும் ஒத்துவர வேண்டும். சட்டத்தின் துளைகளிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, சிமென்ட் தரையில் சுண்ணக்கட்டியால் புள்ளி வைத்து, அந்தப் புள்ளிகளை நூல்போட்டு இணைத்தார். எவோவின் பின்பாதிக்கும் அதே தரையில் அதே புள்ளிகள். வரைபடமோ கணினியோ கிடையாது. சில மில்லிமீட்டர் தவறினாலும் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் வழியைப் பின்பற்றாது; கார் நண்டு மாதிரி ஒருச்சாய்ந்து ஓடும். நான்கும் இழுக்கும் காரில் அது வாழ்நாள் முழுக்க டயரைத் தின்னும், வேகத்தில் ஆளையும் தின்னும். இந்த வேலையைக் குறைந்த கூலிக்கு, அளவே எடுக்காமல், கண் திட்டத்தில் ஒட்டிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கார்கள் போகும் சாலையில்தான் பள்ளிக்கூட வேன்களும் போகின்றன. இதைப் பொறுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

தரை போன மறுநாள் ஒரு பெரியவர் வந்தார். கார்க்காரனின் தகப்பனார். கடன் போட்டு இந்த வீராவை வாங்கியவர் அவர்தான். பிள்ளைகளைப் பத்துமலைக்கும் பள்ளிக்கும் கூட்டிப்போன கார். இப்போது பின்கதவைத் திறந்தால் உள்ளே சிமென்ட் தரை தெரிகிறது. கூரையின் மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

“பின் சீட்டு திரும்ப வருமா?”

“வரும் அண்ணே. இருந்த எடத்துலயே வரும்.”

பெரியவர் தலையசைத்தார். போகும்போது பையனிடம் தே ஓ வாங்கிக் குடிக்கச் சொல்லி ஐந்து ரிங்கிட் கொடுத்துவிட்டுப் போனார்.

எவோவின் பின்தரை வீராவுக்குள் ஏறியபோது அது பொருந்திய விதத்தைப் பார்க்க வேண்டும். சட்டத்தின் நுனி சட்டத்தின் நுனியில் உட்கார்ந்தது. இரண்டு நாடுகளில், இரண்டு தொழிற்சாலைகளில் செய்யப்பட்ட தகடுகள். போர்மன் அதைக் கொண்டாடவில்லை. நான்கு இடத்தில் மட்டும் புள்ளி வைத்துப் பற்றிவிட்டு, மறுபடி டேப்பை எடுத்தார்.

பிறகு ஒரு மதியம் முழுக்கப் பின் டிஃபரன்ஷியலோடு உட்கார்ந்தார். இதைப் பார்த்தபோதுதான் இந்த வேலை எனக்குப் பிடிபட்டது.

வீராவின் பழைய பின்சக்கர ஹப்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் நடுவில் தண்டு நுழைய வழி இருக்காது. அது உருள்வதற்கு மட்டுமே செய்யப்பட்டது. இழுப்பதற்கு என்று எதுவும் அதில் இல்லை. எவோவின் ஹப்பில் நடுவே பல்வெட்டிய துவாரம். அதில் அச்சுத்தண்டு நுழைகிறது. அந்தத் தண்டுகள் இரண்டும் டிஃபரன்ஷியலிலிருந்து வருகின்றன. டிஃபரன்ஷியலுக்குள் பெரிய கிரவுன் சக்கரம் ஒன்று, அதைச் சுழற்றும் சின்ன பினியன் ஒன்று. எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருப்பதால் அதன் சக்தி முதலில் கியர்பாக்ஸை ஒட்டிய டிரான்ஸ்ஃபர் கேஸில் செங்கோணமாகத் திரும்பிப் பின்னோக்கி வர வேண்டும். இங்கே வந்து இன்னொரு முறை செங்கோணமாகத் திரும்பிச் சக்கரங்களுக்குப் போக வேண்டும். இந்த இரண்டாவது திருப்பம்தான் அவர் மடியில் இருக்கிறது.

மூடியைத் திறந்ததும் பழைய கியர் எண்ணெயின் கந்தக நெடி பட்டறை முழுக்கப் பரவியது. பல்லில் கீறல் உண்டா என்று விரல்நகத்தை ஓட்டிப் பார்த்தார். துடைத்தார். கிரவுன் சக்கரத்தின் சில பற்களில் நீலச் சாயப் பசையைப் பூசி, பினியனைக் கையால் மெல்லச் சுழற்றினார். பற்கள் ஒன்றையொன்று தொட்ட இடத்தில் பசை நசுங்கித் தடம் விழுந்தது. தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். விளிம்பை ஒட்டி விழுந்தால் பாரம் ஏறும்போது பல் ஊளையிடும், பிறகு உடையும். அடுத்து, முள் வைத்த அளவுமானியைக் காந்தத்தால் நிறுத்தி, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இருக்கும் தளர்வைப் பார்த்தார். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில் பேசுகிற முள் அது.

பையன் இதற்கு முன் இதைப் பார்த்ததில்லை. எப்படிப் பார்த்திருப்பான்? 1985-இல் புரோட்டோன் சாகா வந்ததிலிருந்து இந்த நாட்டின் குடும்பக் கார்கள் ஏறக்குறைய எல்லாமே முன்சக்கர இழுவைக்கு மாறிவிட்டன. அதற்கு முன் தெருவெங்கும் டாட்சன் 120ஒய், பின்சக்கரத்தால் ஓடியது. போர்மன் தொழில் கற்றது காப்பார் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் கொட்டகையில், பெட்ஃபோர்ட் லாரியின் பின்னச்சுக்குக் கீழே படுத்துக்கொண்டு. பால்மரத் தோட்டங்கள் விற்கப்பட்டு, சனங்கள் நகரத்துக்குப் பெயர்ந்தபோது அவரும் அந்தக் கைப்பழக்கத்தோடு கிள்ளானுக்கு வந்தார். வந்த இடத்தில் பின்னச்சே இல்லாத கார்கள் பெருகிக்கொண்டிருந்தன. அவருடைய விரல்களுக்குத் தெரிந்த ஒரு பெரிய பகுதிக்கு வேலை இல்லாமல் போனது. கார்க்கார இளைஞனின் ஆசை அதைத் திரும்ப மேசைக்குக் கொண்டுவந்திருக்கிறது.

“தடம் எங்க விழுந்திருக்கு, சொல்லு.”

“நடுவுல, மாஸ்டர். கொஞ்சம் உள்பக்கமா.”

“எது உள்பக்கம்? குண்டுப் பக்கமா, ஒல்லிப் பக்கமா?”

பையன் குனிந்து பார்த்தான். “ஒல்லி.”

“சரி. பாரம் ஏறுனா அது வெளிய நகரும். விடு.”

இந்த இரண்டு வரியை எந்தத் தொழிற்பள்ளியும் இந்தப் பையனுக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்காது. வேலையின் மதிப்பு என்று யாராவது கேட்டால், குதிரைத்திறன் எண்ணிக்கையைவிட இதைத்தான் நான் காட்டுவேன்.

மற்றவை வேகமாக நடந்தன. தண்டுக்கு வழிவிட்டு வளைந்த எவோவின் தொட்டி ஏறியது. பின் டிரம் பிரேக் போய் டிஸ்க் வந்தது. சக்கரத்துக்கு நான்கு நட்டு இருந்த இடத்தில் ஐந்து நட்டு. பற்றவைத்த கோடுகளுக்குத் துத்தநாகப் பூச்சு, மேலே ரப்பர்ப் பசை. முன்னால் எஞ்சின் இறங்கியது, கியர்பாக்ஸின் பக்கத்தில் டிரான்ஸ்ஃபர் கேஸோடு. நடு டிஃபரன்ஷியல் முன்னுக்கும் பின்னுக்கும் சரிபாதி பிரிக்கிறது. ஒரு பக்கம் வழுக்கினால், சிலிக்கோன் திரவத்தில் ஊறிய தட்டுகளைக் கொண்ட பிணைப்பு இறுகி மறுபக்கத்தையும் சேர்த்து இழுக்கிறது.

டயரில் ஒரு வாக்குவாதம். முன்னால் இரண்டு புதிது போடுகிறேன், பின்னால் பழையது இருக்கட்டும் என்றான் கார்க்காரன். போர்மன் பதில் சொல்லவில்லை. ஒரு பழைய டயரில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, தரையில் ஒரு முழுச் சுற்று உருட்டி, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் கோடு கிழித்தார். புதியதை அதே இடத்திலிருந்து உருட்டினார். இரண்டு கோடுகளுக்கும் நடுவே விரல் அகலத்துக்கும் மேல் இடைவெளி.

“ஒவ்வொரு சுத்துக்கும் இவ்ளோ சண்டை போடும் தம்பி. நடு டிஃபு வெந்து போயிடும்.”

கார்க்காரன் பக்கத்து டயர் கடைக்கு நடந்தான். நான்கு வாங்கினான்.

முதன்முறை நான்கு சக்கரங்களும் சுழன்றது தாங்கிகளின் மேல்தான். உடம்பைத் தூக்கி நிறுத்தாமல், சக்கரத்தைப் பிடிக்கும் கைகளுக்குக் கீழே தாங்கி வைத்தார்கள். சாலையில் நிற்கும்போது தண்டுகளுக்கு இருக்கும் கோணம் அப்போதுதான் கிடைக்கும். எல்லோரையும் விலகி நிற்கச் சொன்னார். மூன்றாம் கியர், நான்காம் கியர். பின்சக்கரங்கள் வேகம் பிடித்தன. வாசலில் டயர் கடைக்காரரும் கித்தான் தைப்பவர்களும் வந்து நின்றுவிட்டார்கள்.

வேகமுள் 70-ஐ நெருங்கியதும் தரையில் ஓர் அதிர்வு. போர்மன் உள்ளே சாய்ந்து, நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை நடுத்தரை மேட்டில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். இன்னொரு இடம். இன்னொரு இடம். எஞ்சினை அணைத்தார்.

நீளவாட்டில் ஓடும் தண்டு மூன்று துண்டு. நடுவில் இரண்டு பேரிங்குகள் அதைத் தரையோடு பிடித்திருக்கின்றன. முன்பேரிங்கின் தாங்கி சற்று மேலே ஏறியிருந்தது. துண்டுகள் சந்திக்கும் கோணம் ஒத்துப்போகவில்லை. கோணமானியை வைத்துப் பார்த்து, தாங்கிக்கும் தரைக்கும் நடுவே மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தார். சேர்ப்பது, சுழற்றுவது, கேட்பது. மாலையாகிவிட்டது. கார்க்காரன் துறைமுகத்திலிருந்து வந்து பேசாமல் ஒரு டயரின் மேல் உட்கார்ந்தான். கடைசித் தகட்டைச் செருகியபின் 70-இல் எதுவுமில்லை, 80-இல் எதுவுமில்லை.

பதிவு மாறாத காரைச் சாலையில் ஓட்டக் கூடாது என்பதில் அவர் கறாராக இருந்தார். இழுவை லாரியின் தட்டில் முழுக் காரையும் ஏற்றி, தெரிந்தவர் ஒருவரின் செம்பனைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு சக்கரத்தை மட்டும் தூக்கி இழுத்துப் போவது இனி இந்தக் காருக்கு ஆகாது; நடுப் பிணைப்பு சூடேறிக் கெட்டுவிடும். மழை பெய்து ஓய்ந்திருந்தது. செம்மண் பாதை வழுவழுவென்று கிடந்தது. பின் இருக்கை திரும்ப வந்திருந்தது, அதில் எனக்கு இடம் கிடைத்தது.

மேட்டுத் திருப்பம் ஒன்றில் போர்மன் காலை அழுத்தினார். முன்சக்கரம் ஒரு கணம் வழுக்கியது. உடனே எனக்குக் கீழே எதுவோ இறுகி, காரின் பின்பாதி தன் பங்குக்கு உந்துவது முதுகில் தெரிந்தது. மூக்கு வெளியே ஓடவில்லை. கார் திருப்பத்துக்குள்ளேயே ஏறியது. டிஃபரன்ஷியலில் ஊளை இல்லை. பையன் முன் இருக்கையிலிருந்து திரும்பி, பின்தரையையே பார்த்துக்கொண்டு வந்தான்.

பட்டறைக்குத் திரும்பியதும் மறுபடி தூக்கினார்கள். பினியன் சீலின் ஓரத்தில் எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்தார். பற்றவைத்த கோடுகளின் பூச்சில் மயிரிழை விரிசல் உண்டா என்று ஒவ்வோர் அங்குலமாக விரலால் தடவினார். பின்சட்டத்தின் போல்ட்டுகளைப் பையன் திரும்ப முறுக்கினான். இரண்டு போல்ட் கால் சுற்று ஏற்றுக்கொண்டன.

“ஆயிரம் கிலோமீட்டர்ல மூணு எண்ணெயும் மாத்தணும். கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர், பின்னாடி. அப்ப இந்த போல்ட்ட எல்லாம் இன்னொரு வாட்டி பார்க்கணும்,” என்றார் கார்க்காரனிடம். “இப்ப காடிய எடுக்காத. மொதல்ல புஸ்பாகோம் பரிசோதனை, ஜேபிஜே பேப்பர், இன்சூரன்ஸ். வெல்டிங் போட்ட போட்டோ எல்லாம் பையன் கிட்ட இருக்கு, கேட்டா காட்டு. ஒண்ணையும் மறைக்காத.”

கார்க்காரன் சாவியை வாங்கவில்லை. நாளை விடுப்பு எடுத்துக்கொண்டு, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேவுக்குப் போவதாகச் சொன்னான். பையன் அளவுமானியைத் துடைத்து, நீலப் பசை டப்பாவோடு சேர்த்து, இந்த முறை தன் பெட்டியில் வைத்துக்கொண்டான். போர்மன் அதைப் பார்த்தார், கேட்கவில்லை.